ஏழாம் நம்பர் முத்திரை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டுகிறதே தவிர வரவில்லை. லீவு.

மகள் ஷெரினின் வெள்ளை கவுனைத் துவைத்தேன். நேற்று சர்ச்சில் அவளுடைய உறுதிப்பூசுதலுக்குப் போட்டது. வலது தோளில் ஊதாக் கறை, கட்டைவிரல் அகலம். சோப்பு, எலுமிச்சம்பழம், உப்பு, எதற்கும் மசியவில்லை. எங்கே போய் இடித்துக்கொண்டாளோ இந்தப் பெண். ஒரே ஒரு நாள் போட்ட துணி.

மற்றபடி நல்ல நாள். பிரியாணி போதும் போதும் என்கிற அளவு. ஞானத்தாயாக நின்ற லூர்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்து எனக்கும். பதினாறு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே ஷேர் ஆட்டோ. கூடப் பிறந்தவள்கூட இப்படி வந்து நிற்பாளா.

வாங்க: சொட்டு நீலம், பச்சை மிளகாய், கிராஃப் நோட்டு.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலைக்குப் போனால் ரேக் காலி.

வடக்கே மலை உச்சியில் ரோடு போடுகிற ஆட்களுக்கான ஆரஞ்சு ஜாக்கெட் அடுக்கியிருந்த ரேக். வெள்ளிக்கிழமை நான்தான் தண்ணீர் டெஸ்ட் பார்த்தேன். தோள் தையலைக் குழியாகப் பிடித்து ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும், அடியில் செய்தித்தாள். பத்து நிமிடத்தில் தாள் சொதசொத. தையல் மேல் ஒட்டுகிற டேப் பிடிக்கவே இல்லை. பத்துத் துண்டு பார்த்தேன், பத்தும் ஒழுகின. மொத்த லாட்டும் ரிஜெக்ட் என்று எழுதிவிட்டுத்தான் லீவில் போனேன்.

பேக்கிங் சலீம் பாயிடம் கேட்டேன். "சனிக்கிழமையே ஏர்போர்ட்டுக்குப் போயிடிச்சேம்மா. அர்ஜெண்டாம். எல்லாத்துலயும் உன் முத்திரதான கீது?"

செக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் முத்திரை. என்னுடையது ஏழு. என் லாக்கரில் இருக்கும். சாவியைச் சனிக்கிழமை காலை லூர்து அக்காவிடம் நானே கொடுத்தேன், உள்ளே மறந்துவிட்ட ஷெரினின் புது ஷூவை எடுத்து வரச் சொல்லி.

அக்கா லைன் சூப்பர்வைசர். அவளுக்குத் தெரியாமல் ஒரு ஊசி நகராது. நேராகக் கேட்டேன்.

"மாதா மேல ஆணையா நான் தொடல ரெஜினா. ஷூவ எத்துகினு, சாவிய ஆபீஸ்ல குடுத்து வெச்சிட்டு, சாயந்தரம் வாங்கினேன். எவன் குத்தினானோ."

நம்பினேன். மாதா பேரைச் சொன்ன பிறகு என்ன கேட்க?

அக்டோபர் 8, புதன்

டீவியில் மலைப் பக்கம் பனிப்புயல் எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை வந்துவிடுமாம். இந்த மாதத்தில் வருகிற புயலே இல்லையாம் அது. இங்கே ஃபேனை ஐந்தில் வைத்தும் முதுகில் வியர்வை ஓடுகிறது. பனியை நான் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குளிரில் ஜாக்கெட் நனைந்தால் ஆளே சாய்ந்துவிடுவான் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிக்கொடுத்தார்கள்.

அதிலெல்லாம் என் நம்பர்.

இன்று வேறு ஒரு லாட்டுக்கு முத்திரை குத்தினேன். கட்டைவிரலெல்லாம் ஊதா மை. வீட்டுக்கு வந்து மூன்று தரம் கழுவியும் போகவில்லை. வேர்த்த கையோடு துண்டை எடுத்தேன், துண்டிலும் அப்பிக்கொண்டது.

அப்படியே நின்றுவிட்டேன்.

கவுனை எடுத்து விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மை. ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசும்போது ஞானத்தாய் பின்னால் நின்று பிள்ளையின் வலது தோளில் கை வைக்க வேண்டும். வைத்தாளே.

பாவி. சனிக்கிழமை பூரா என் நம்பரைக் குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையோடு என் பிள்ளையைத் தொட்டிருக்கிறாள். ஷெரினிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஷேர் ஆட்டோ வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். கவுன் பையில்.

தண்ணீர்க் குழாய் பக்கம் அக்காவைப் பிடித்து, கறையைக் காட்டினேன். குழாயை மூடினாள். "மொதலாளி கத்தினாரு. நான் இன்னா பண்றது? பனிக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது, அதுக்குள்ள வேற லாட் அனுப்பி மாத்திடலாம்னாரு. இப்பவே வரும்னு யாரு கண்டா?"

"என் நம்பர் எதுக்கு? வேற செக்கர் இல்லியா?"

"ஏழுன்னா வாங்குற பார்ட்டி பிரிச்சிகூட பாக்க மாட்டான்டி. நேரா ஆளுங்களுக்குக் குடுத்துடுவான்."

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். பதினாறு வருடம் நான் ஒழுங்காகப் பார்த்த வேலை, அதையே பிடித்துக்கொண்டு வந்து என் கழுத்தில் வைத்தாள். "வெளிய சொல்லாத, ஒன் பேருதான் நாறும்" என்று புத்திமதி வேறு.

பார்ட்டியின் ஸ்டோர் போன் நம்பர் பார்சல் சீட்டில் இருந்தது. எனக்கு இந்தி வராது. சலீம் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேல போனாலும் போவுதும்மா, உசுரு சமாச்சாரம்" என்று அவரே போன் போட்டுப் பேசினார். ஜாக்கெட் நேற்றே கொடுத்தாகிவிட்டதாம். பதினோரு பேர் அதைப் போட்டுக்கொண்டு கணவாய்க்கு மேலே ஏறிவிட்டார்களாம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு இறக்கப் பார்க்கிறேன் என்றாராம் ஸ்டோர்காரர்.

ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன். பதினொன்று, பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர ஜெபம் வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒருவழியாக மழை. ஷெட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல், வாளி வைத்தோம்.

பதினொரு மணிக்கு சலீம் பாய் போனுக்கு ஸ்டோர்காரர். ஸ்பீக்கரில் போட்டார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. புயல் ராத்திரியே அடித்துவிட்டது. பாதி வழியில் மாட்டினாலும் பதினோரு பேரும் கீழே வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் தோளிலிருந்து இடுப்பு வரை ஈரம். ஒருவர் ஆஸ்பத்திரியில், விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை.

அப்புறம் அவர் குரல் ஏறியது. பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்த ஏழாம் நம்பர் யாருன்னு கேக்கறாரும்மா."

லூர்து அக்காவைப் பார்த்தேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நிமிரவே இல்லை.

"ஏழு நான்தான்னு சொல்லுங்க பாய். நான் ரிஜெக்ட் பண்ணது. குத்தினது லூர்து அக்கா."

பாய் சொன்னார். அப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னாடி இது, எல்லார் முன்னாடியும்? ஒன் புள்ளைக்கு ஞானத்தாய்டி நானு!"

"அதான்க்கா. அந்தக் கையத்தான அவ தோள்ல வெச்ச?"

போனில் அவர் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாய் இதை மட்டும் இந்தியில் சொல்லவில்லை.