வெற்று ஆணி

நமங்கான், மார்ச் 1943

என் மகளின் தந்தைக்கு,

அத்தை நலம். சனோபர் இப்போது எழுந்து நடக்கிறாள். அவள் நடக்காமல் கிடந்த நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி நான்காம் தேதி, ரொட்டிக் கடை வரிசையில் யாரோ என் பையைக் கிழித்து, எங்கள் மூவரின் ரேஷன் அட்டைகளையும் எடுத்துவிட்டார்கள். மாதம் முடியும்வரை வேறு அட்டை கிடையாது என்றார்கள். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைத் தின்றோம். இருபதாம் தேதி சனோபர் கண் திறக்கவில்லை.

நீங்கள் போர்முனைக்குப் புறப்படும்போது ஒரு வாய் கடித்துக் கொடுத்த ரொட்டி சுவர் ஆணியில் தொங்கியது. மீதியைத் தின்ன நீங்கள் வந்தே தீர்வீர்கள் என்று, அத்தை தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பார். அதை இறக்கி வெந்நீரில் ஊறவைத்து சனோபருக்கு ஊட்டினேன்.

மறுநாள் காலை அத்தை சுவரைத் தடவினார்.

"ஏண்டி, என் பிள்ளை ரொட்டி எங்கடி?"

"எலி இழுத்துட்டுப் போயிடுச்சு அத்தை."

"நாமளே பிண்ணாக்கு திங்கிறோம். இந்த வீட்டுக்கு எந்த எலிடி வரும்?"

பிறகு சனோபரைப் பார்த்தார். அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த துணுக்கைத் தலைத்துணியின் நுனியால் துடைத்தார்.

"சரி, அந்த எலி பிழைச்சுக்கட்டும்" என்றார். அதன்பின் அவர் சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை.

நவம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

புது அட்டையில் வாங்கிய ரொட்டியைக் காயவைத்து, ஒரு துண்டு இதனுடன் அனுப்புகிறேன். ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை அனுப்புங்கள். ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஆணியைப் பிடுங்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகளைப் பெற்றவள்