உன் மீன்தொட்டியில் மஞ்சள் தண்ணீர்

என் செல்லத் தம்பி குமரா,

நீ இல்லாத வீட்டில் உன் மீன்தொட்டி மட்டும் இன்னும் மின்சாரக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, எரிச்சலில் சொல்லவில்லை. காலையில் அந்த நீல விளக்கு எரியும்போது, நீ கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது எனக்கு.

"கடலை வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறேன்க்கா" என்றாய். கையில் காசில்லாதவனுக்குக் கடலாசை! யாரோ வீடு மாறும்போது வேண்டாமென்று விட்டுப்போன, கீறல் விழுந்த தொட்டியோடு தொடங்கினாய். கடல்நீர் கலக்க உப்பு வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியான் கடற்கரைவரை மோட்டார் சைக்கிளில் போய்க் கேன்களில் கடல்நீர் பிடித்து வந்தாயே, நினைவிருக்கிறதா? வைத்த கொஞ்ச நேரத்தில் அடியில் கெட்டியாகச் சேறு இறங்கிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "கடலக் கேட்டா கம்பத்துச் சேத்து ஆத்தத் தூக்கிட்டு வந்திருக்கான்" என்றார். எங்களுக்கு முன்னால் நீதான் சிரித்தாய்.

அதன்பிறகு வழிக்கு வந்தாய். கடையில் உப்புப் பொட்டலம் வாங்கினாய். அடுக்குமாடிக்குக் கீழே காசு போட்டுப் பிடிக்கும் சுத்தத் தண்ணீரில் கரைத்தாய். லிப்ட் பழுதான நாள்களில் கேனைத் தோளில் சுமந்து படியேறினாய். இவ்வளவு பாடுபட்டும் தீபாவளிக்கு வந்தவர்கள் பார்த்தது கல்லும் தண்ணீரும்தான்.

"மீன் எங்கப்பா?" என்று கேட்டார் மாமா.

"மொதல்ல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க வளரணும் மாமா. அப்பதான் மீன் பொழைக்கும்."

"அலமாக்! கிருமி வளர்க்கவா தொட்டி வாங்குன?"

அந்தத் தீபாவளியில் அப்படிச் சிரித்தோம். அதுபோல் இனி எப்போது சிரிப்போம், சொல்.

பிறகுதான் ஒரு கோமாளி மீன் வந்தது. கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு பவளத் துண்டும் வந்தது. சட்டைப் பொத்தான் அளவில், பச்சையாக, நாலைந்து மொட்டுகள். சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன் நிற்பாய். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் போனில் அதைத்தான் முதலில் விசாரித்தாய். எங்களை விசாரித்தது அப்புறம்தான். அது இன்னும் எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது.

உன் கருமாதி அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தீட்டுக் கழிக்க அம்மா வீடெங்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். வாசல், அடுப்படி, உன் அறை. செம்பில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டார்! நான் கத்திய கத்தலில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்டி கத்துற? அதுவும் இந்த வீட்டுக்குள்ளதான இருக்கு? அதுக்குந்தான தீட்டு?"

தண்ணீர் மஞ்சளாகி, அந்தப் பவளப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது. "அவன் விட்டுட்டுப் போன உசுர நானே கொன்னுட்டேனா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். உனக்காக அதுவரை கண்ணீர் விடாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார். எனக்குத் தொட்டியைப் பற்றிய பயம் போய், அம்மாவை நினைத்துப் பயம் வந்தது. பவளம் செத்தால் அந்தப் பழியைக் காலத்துக்கும் அவரே சுமப்பார்.

உன்கூட வேலை செய்த சேகரை, அதே பவளப் பைத்தியத்தை, போனில் பிடித்தேன். "அக்கா, பதறாதீங்க லா. எல்லாத் தண்ணியையும் ஒரேயடியா மாத்தாதீங்க. தெனம் கொஞ்சம் மாத்துங்க, மஞ்சள உறிஞ்சுற கரிப்பையப் போட்டு வைங்க." அப்படியே செய்தேன். அம்மா சாப்பாட்டுத் தட்டோடு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார். ஒரு காலை, ஒரே ஒரு பொத்தான் பாதி திறந்தது. அம்மா அடுப்படிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இப்போது அந்தப் பவளம் கல்லையே மூடிவிட்டது, குமரா; உன் மீனும் அதைச் சுற்றித்தான் திரிகிறது. போன வாரம் சேகர் வந்து பார்த்துவிட்டு, தன் புதுத் தொட்டிக்கு ஒரு துண்டு கேட்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். உன் பழைய சட்டையைக்கூட யாருக்கும் தராதவர் அம்மா. ஆனால் சேகர் கையுறை மாட்டிக்கொண்டு வெட்டும்வரை அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார். துண்டு மிதந்த தண்ணீர்ப் பையைத் தானே வாங்கி, வாசல்வரை நடந்து, சேகர் கையில் கொடுத்தார்.

"பாத்துக் கொண்டு போப்பா. எம்புள்ள போன வாசல்ல இதாவது உசுரோட போகட்டும்."

இனி யார் கேட்டாலும் கொடுப்போம், தம்பி. நானே கூடப் போய், அவர்கள் தொட்டியில் அது கண் திறக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். இது சத்தியம்.

இப்போதும் உன்னைத் திட்டிக்கொண்டேயிருக்கும்
உன் ஒரே அக்கா,
மாலதி