இடைவேளை இல்லாத படம்

வெள்ளி, ஜூலை 4

ஜூலை என்றால் இங்கே கடுங்குளிர். கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. சுடுதண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்று இவர் வாசலில் நின்று கத்தல். நான் வேலை செய்யும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க வந்தவர்களின் நீண்ட வரிசை. எல்லாருக்கும் கை விறைத்துப்போய், ஊசி குத்த ஒருவருக்கும் நரம்பு பிடிபடவில்லை.

மாலை மகள் அபி மெல்பேர்னிலிருந்து போன். அவள் வேலை செய்த யப்பான் படம் வந்துவிட்டதாம். பெயர் என் வாயில் நுழையவில்லை. கதாநாயகி விண்கப்பலில் ஏறும்வரை உண்மை ஆட்கள். ஏறிய பிறகு எல்லாம் கீறிய சித்திரம். அதில் அரை நிமிடம் அபி கீறியது.

"எது என்ர எண்டு சொல்லமாட்டன். நீங்களும் அப்பாவும் பாத்துக் கண்டுபிடிக்க வேணும்."

"ஒரு சின்ன க்ளூ தாவன்."

"நோ அம்மா. ஜஸ்ட் வோட்ச்."

மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டுக் கீறப் போனவள். இத்தனை நாளில் ஒரு தாளைக்கூடக் காட்டியதில்லை. வாய்திறந்து பாருங்கோ என்றது இதுதான் முதல் தடவை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுத் தேவி அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

வாங்க: வெங்காயம், ரின்னில் அடைத்த மீன், இருமல் மருந்து.

சனி, ஜூலை 5

காலை முழுக்க றோல்ஸ் பொரித்தேன். பிளாஸ்கில் தேத்தண்ணி. படம் என்றால் எங்களுக்கு அதுதான் முறை. தமிழ்ப் படத்துக்கு இடைவேளை விட்டால் தியேட்டர் வாசலே சாப்பாட்டுக் கடைதானே.

பரமட்டா தியேட்டர். கீழே ஓடும் ஆங்கில எழுத்தின் வேகத்துக்குத் தே. அக்காவால் ஈடுகொடுக்க முடியவில்லை. காதுக்குள் கதை சொன்னேன். ஒரு பெட்டை வேறு கிரகத்துக்கு வேலைக்குப் போகிறாள். போனால் திரும்பி வருவது சந்தேகம். பெட்டி அடுக்குகிறாள். தகப்பன் வாயே திறக்கிறார் இல்லை. அவள் கப்பலில் காலை வைத்ததும் திரை கறுத்தது. சத்தமும் நின்றது.

"இன்ரவல்," என்று இவர் எழும்பிவிட்டார். கழிவறை வரிசையில் எப்போதும் முதல் ஆளாய் நிற்க வேண்டும் அவருக்கு. பின்னால் நாங்கள் பையோடு.

வெளியே எங்களைத் தவிர ஒரு குருவி இல்லை. "வெள்ளைக்காரருக்குப் பசிக்கிறேல்லைப் போல," என்றார் தே. அக்கா. ஆறுதலாகச் சாப்பிட்டோம். திரும்பி உள்ளே போனால் கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே பறந்துகொண்டிருக்கிறது.

"ஆக்கள் வர முந்தித் தொடங்கிப்போட்டாங்கள்," என்று இவருக்குக் கோபம். மிச்சப் படம் முழுக்க, "இதுவா? இதுவா?" என்று என்னை இடித்துக்கொண்டேயிருந்தார்.

ஞாயிறு, ஜூலை 6

வெயில். உடுப்புத் தோய்த்துப் போட்டேன். அபி போன் எடுத்தாள். இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு:

"அந்த மழைக்குள்ள பஸ் போற இடம், பிள்ளை. அப்பிடியே உண்மை மாதிரி."

"அது உண்மைதான் அப்பா. கமராவில எடுத்தது."

"அப்ப அந்த மூண்டு கால் ரோபோ?"

"அது டோக்கியோவில கீறினது. படம் கறுத்துப் போகுமெல்லே, அதுக்குப் பிறகு முதல் வாறதுதான் என்ர."

நான் போனுக்குக் கிட்டக் குனிந்தேன். "அது இன்ரவல் எல்லோ?"

"இன்ரவலா? அம்மா, இந்தப் படத்துக்கு..." முடிக்கவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "இட்ஸ் ஓகே. வேலை கிடக்கு, பிறகு எடுக்கிறன்."

இவர் பின்னேரம் முழுக்கத் தோட்டத்தில். களை பிடுங்குகிறாராம். இந்தக் குளிரில் களை ஏது.

என்னைக் கண்டதும், "பிள்ளை ஒண்டே ஒண்டுதான் கேட்டது. நான் வெளியில நிண்டு றோல்ஸ் திண்டனான்."

பாவமாயிருந்தது. திட்ட வந்தவள் அப்படியே திரும்பி உள்ளே போனேன்.

செவ்வாய், ஜூலை 8

லீவு. இன்றோடு படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கிறார்களாம். பகல் காட்சி. இவர் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, நடுவில் எழும்ப வரக்கூடாதாம். என்னையும் குடிக்க விடவில்லை. தியேட்டரில் எங்களோடு இன்னும் நாலைந்து பேர்.

திரை கறுத்தது. இவர் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கறுப்பு போகவே மாட்டேன் என்கிறது.

பிறகு சித்திரம். கப்பலின் யன்னல். அதற்குள்ளிருந்து அந்தப் பெட்டை பார்க்கிறாள். வெளியே மேடையில் தகப்பன், இப்போது கீறிய தகப்பன். முகம் யப்பான் முகம்தான். ஆனால் நிற்கிற நிலை. வலது கை நெஞ்சு வரை எழும்பி, காட்டவா வேண்டாமா என்று அங்கேயே நிற்கிறது. இடது கை சட்டைப் பையைத் தடவுகிறது. கப்பல் மேலே போகப் போக மற்ற ஆட்களெல்லாம் கலைந்து போகிறார்கள். அவர் மட்டும் அதே இடத்தில், புள்ளியாகும் வரை.

அபி மெல்பேர்னுக்குத் திரும்பும்போதெல்லாம் விமான நிலையத்தில் இவர் இப்படித்தான். அந்தக் கை, சட்டைப் பையில் கார் பூட்டும் திறப்பைத் தேடுகிற அந்தத் தடவல். பார்க்கிங் காசு ஏறுது என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தால்தான் அசைவார். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கண் நிறைந்து எனக்குத் திரை தெரியவில்லை. இவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தாள் ஏன் இன்னும் நிக்குது? கப்பல் போயிட்டுதெல்லே."

"அவர் போகமாட்டார்," என்றேன். "நீங்க பாருங்கோ."