குழலைத் திருப்பச் சொல்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். "கொஞ்சம் உட்காருங்களேன், கால் தேஞ்சு போயிடும்," என்கிறாள் அம்மா. போரில் நாங்கள் ஓட்டிய டாங்கிகளை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முப்பது வருடம் கழித்து, அதே ரக வண்டியில் உன்னை ஓட்டுநராக உட்கார வைத்திருக்கிறார்களே!

அங்கே மழை விட்டதா? சளி எப்படி இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன், கேள். ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள மூடியின்மீது பீரங்கிக் குழல் வந்து நின்றால், மூடி திறக்காது. வண்டி நின்றதும் குழலை ஒரு பக்கம் திருப்பச் சொல். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வண்டியை ஓட்டிய உன் மாமா குண்டு பட்டுச் சாகவில்லை. வண்டி தீப்பிடித்தபோது, "டேய், குழலைத் திருப்புடா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். அதைத் திருப்பும் பிடி என் பக்கத்தில்தான் இருந்தது. நான் வெளியே குதித்துவிட்டேன்.

அவன் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனபோது, "ஒரே நொடிதான், அவனுக்கு வலியே தெரியல," என்றேன். அவன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வருடம் என்னையே கட்டிக்கொண்டாள்.

இதை உனக்கு மட்டும் எழுதினால் நான் மறுபடியும் குதித்து ஓடியவன் ஆவேன். தபாலில் போடச் சொல்லி அம்மாவிடம்தான் கொடுக்கப்போகிறேன். உறையை ஒட்டவில்லை.

அப்பா