கட்டைவிரல் பட்ட இடம்

என் டெய்லரம்மாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

நீ கொடுத்தனுப்பிய இரும்புக் கத்தரிக்கோல் மழுங்காமலிருக்க, அதற்கு எங்கள் ஆலையின் கரிப்பூச்சைப் போட்டேன். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் கரி கலந்த வாயுவை விட்டு மின்சாரத்தால் உடைத்தால், முடியைவிட மெல்லிசாகக் கரி படியும். கடினத்தில் வைரத்துக்குப் பங்காளி.

வெளியே எடுத்தால் கைப்பிடியில் ஓரிடம் மட்டும் உரிந்துவிட்டது. ஃபோர்மேன் சிரித்தார். "பிசுக்கு இருந்தா ஒட்டாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறவன், நீயே துடைக்க மறந்துட்டியா?"

"ஆமாண்ணே" என்றேன்.

மறக்கவில்லை. அங்கே உன் கட்டைவிரல் ரேகை இருந்தது. உரிந்ததும் அதே வடிவில்தான்.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது. இது என்னிடமே இருக்கட்டும். வேறொரு கத்தரிக்கோல் அனுப்பு. இந்த முறை நீயே துடைத்து அனுப்பிவிடு, என்னால் ஆகாது.

உன் வீட்டுக்காரன்