சூசை மச்சானின் ஏழு கொப்பிகள்

அன்பான சூசை மச்சான்,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்குப் பொய் எழுதுவதும் களைப்பு, உண்மை எழுதுவதும் களைப்பு. இரண்டும் ஒன்றுதான் என்றால் உண்மையையே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊர் கீரியில் சொல்லும்படி புதினம் ஒன்றும் பெரிதாக இல்லை. என் முழங்கால் இப்போது வள்ளத்தில் ஏற விடுவதில்லை. கோயில் முற்றத்தைக் கூட்டுவது, மணி அடிப்பது, இப்படிக் காலம் போகிறது. உன் மனைவி றீற்றா சுகம். கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன். அவள் எனக்கு ஒரே தங்கச்சி, வேறு என்ன சொல்ல?

நீ கைப்பட எழுதி நிரப்பிய ஏழு கொப்பிகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உன்னைத் தெரியாத ஆட்களும் வாசிப்பார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், குறை நினைக்காதே. கந்தோரில் எழுதுவினைஞனாய் இருந்தவன் நீ. சண்டைக்குத் தப்பி இந்தியாவில் முகாமில் கிடந்தபோது வயதான ஒரு சாமியார் உனக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் தந்தார். பைபிளில் சேராத நற்செய்திகள் அதில் இருந்தன. தோமையார் பேரில், யாக்கோபு பேரில், பேதுரு பேரில் யாரோ எழுதி, திருச்சபை வேண்டாம் என்று ஒதுக்கியவை. நீ அவற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினாய். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. கந்தோரால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு மேசையில் இருந்தால் செபமாலை நேரம்வரை எழும்பமாட்டாய். எழுதி முடித்த பக்கத்தை றீற்றாவுக்குச் சத்தமாய் வாசிப்பாய். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

அப்போதிருந்த பங்குச்சாமி, நீ கொண்டுபோய்க் காட்டிய கொப்பியைத் திறக்காமலே உன் பக்கம் தள்ளிவிட்டார். “இதெல்லாம் திருச்சபை தள்ளினது, சூசை.”

“தள்ளினதுதான் சாமி. ஒருக்கா வாசிச்சுப்போட்டுத் தள்ளலாம்தானே?” என்றாய் நீ.

வெளியே வந்து என்னிடம் பொரிந்து தள்ளினாய். “மாதாவின்ர தாய்க்கு அன்னம்மாள் எண்டு பேர் வச்சு, கொடியேத்தி, சுரூபத்தைக் கூட்டில வச்சுத் தூக்கிறமே மச்சான். அந்தப் பேர் நாலு சுவிசேஷத்தில எங்க கிடக்கு? தள்ளின யாக்கோபின்ர புத்தகத்திலதான் கிடக்கு. பேரை எடுப்பினமாம், புத்தகத்தை எடுக்கமாட்டினமாம்!”

எனக்கு அந்த நியாயமெல்லாம் விளங்கவில்லை. நீ கோபப்படும்போது மூக்கு நுனி சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்தாய். “அச்சடிக்கச் சொல்லேல்ல. ஒராள் எண்டாலும் முழுக்க வாசிக்கோணும். நீ வாசி மச்சான்.” ஓம் என்றேன். பத்துத் தரமாவது ஓம் என்றிருப்பேன்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் முதல் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து உன் அலுமாரியில் வைத்தேன். “என்னண்டு இருக்கு அண்ணா?” என்று றீற்றா கேட்டாள். “வடிவா எழுதியிருக்கிறார்” என்றேன். இப்படியே ஏழையும் கொண்டுபோய், ஏழையும் கொண்டுவந்தேன். ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை, மச்சான். உன் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு அடைக்கும் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி சோம்பல். கோயில் வேலை செய்கிறவனுக்குத் தள்ளின புத்தகம் எதற்கு என்ற பயமும் இருந்தது.

போன மாசிமாதம், விபூதிப் புதனுக்கு முதல், வழக்கம்போல, எரித்து விபூதியாக்க எல்லா வீடுகளிலும் காய்ந்த குருத்தோலைகளைச் சேர்த்துவரச் சொன்னார்கள். றீற்றா ஒரு சாக்கு நிறையக் கட்டி வைத்திருந்தாள். நான்தான் தூக்கிப் போனேன். பாரமாய்த்தான் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் நெருப்பு மூட்டி, சாக்கைக் கவிழ்த்து, தடியால் கிளறியதும் நான்தான். ஓலைக்குள் கடதாசி எரிந்ததைக் கண்டேன். பழைய செபப் புத்தகம் என்று நினைத்தேன். நம் ஆட்கள் திருப்பேர் உள்ள கடதாசியைக் குப்பையில் போடுவதில்லையே.

அடுத்த நாள் ஊரே அந்தச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனது. நீ இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய். பிறகு?

இரண்டு கிழமைக்குப் பிறகு, குருமடத்தில் படிப்பிக்கிற இளம் சாமி ஒருவர் உன் வீட்டைத் தேடி வந்தார். உனக்குப் புத்தகம் தந்த சாமியாரின் கடிதங்களில் உன் பேரைக் கண்டாராம். கொப்பிகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. கடைசியில் வாசிக்க ஓர் ஆள்!

றீற்றா சந்தோசமாய்ச் சொன்னாள். “அதுகளை நான் மரியாதையா அனுப்பிப்போட்டன் சாமி. கறையான் பிடிச்சிட்டுது. பக்கத்துக்குப் பக்கம் யேசுவின்ர பேரும் மாதாவின்ர பேரும். கடலைக்காரனுக்குச் சுத்தக் குடுக்கேலுமே? குருத்தோலையோட விபூதிக்குக் குடுத்தனான். அண்ணாதான் எல்லாம் வாசிச்சு முடிச்சிட்டாரே, அவரைக் கேளுங்கோ.”

சாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் கோபிக்கவில்லை. எகிப்தில் மணலுக்குள் ஒரு சாடியில் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் கிடந்து வெளியே வந்த இப்படியான புத்தகங்களைப் பற்றிச் சொன்னார். “எரிச்சுத் துலைஞ்சது கொஞ்சம்தான் ஐயா. மிச்சமெல்லாம் வாசிக்க, பாத்து எழுத ஆளில்லாமத் துலைஞ்சது.” என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, பாவம். ஆனால் குத்தியது.

அப்போதுதான் றீற்றா இன்னொன்று சொன்னாள். நீ வாசித்துக் கேட்டதில் அவளுக்கு நாலைந்து கதை நினைவிருக்கிறது. சாமி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து எழுதத் தொடங்கினார். அவள் அடிக்கடி சொல்வது அன்னம்மாள் கதை. பிள்ளை இல்லை என்று ஊர் பழிக்க, புருஷன் சுவக்கீன் வனாந்தரத்துக்குப் போய்விட, அவள் மரத்தடியில் இருந்து மேலே குருவிக்கூட்டைப் பார்த்து அழுகிற இடம். சொல்லும்போது றீற்றாவின் குரல் மாறிவிடும். உங்களுக்கும் பிள்ளை இல்லை என்பதை நான் சாமிக்குச் சொல்லவில்லை, அவராகவே அறிந்துகொண்டார்.

பிறகு சுவக்கீன் திரும்பி வருகிறார். அன்னம்மாள் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அப்போது அவர் சொல்கிறாராம்: “பிள்ளை வந்தாலும் வராட்டிலும், எனக்கு நீ ஒருத்தியே காணும்.”

சாமி தன் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு தரம் பார்த்தார். “அந்த வரி இதில இல்லை, அக்கா.”

றீற்றா திகைத்துப்போனாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, அவர் அதைக் கொப்பியில எழுதியிருந்தவரோ? அல்லாட்டி எனக்குச் சும்மா வாயால சொன்னவரோ? நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?”

அவள் முகத்தைப் பார்த்தேன், மச்சான். எழுதியிருந்தான் என்று கேட்க எவ்வளவு ஆசை! நான், “ஓம் பிள்ளை, எழுதியிருந்தவன்” என்றேன். சாமி அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வரியை நீ எழுதினாயா? எழுதியிருப்பாய். அல்லது செபமாலைக்கு முதல் ஒருநாள் அவளுக்காக மட்டும் சொல்லியிருப்பாய். எதுவென்று தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். எனக்குத் தெரியாது. என் சாட்சியமும் இப்போது, நம்பலாமா கூடாதா என்று தெரியாத உன் தள்ளின புத்தகங்களைப்போல ஆகிவிட்டது.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போவேன். நீ இருந்த கதிரையில் இருந்து, நீ வாசித்ததுபோலச் சத்தமாய், றீற்றாவுக்கு இதை வாசித்துக் காட்டுவேன். ஒரு வரியும் விடமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளோ, மாட்டாளோ.

உன் பெண்சாதியின் தமையன்,
எப்போதும் உன் மச்சான்,
அருளப்பு