இடது தோள்

அன்புக் கண்ணு,

ஈஸ்டர் பூசை இப்போதுதான் முடிந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். நீ போன பிறகு தொடாமலே வைத்திருந்த அந்த ஆங்கிலக் கீதத்தைப் பாடிவிட்டோம்! நாலு குரலும், ஆர்கனும், கடைசி ஆமென் வரைக்கும்!

தொடக்கத்தில் மானம் போகப் பார்த்தது. உன் இடத்தில் ஆர்கன் வாசிக்கும் ஃப்ரெடி கெட்டிக்காரன்தான். முன்னிசையை அழகாக முடித்தான். யாருமே பாடவில்லை! பாடகர் குழுவில் பதினெட்டுப் பேரும் வாயைத் திறந்தபடி அவன் முதுகையே பார்க்கிறோம். நீ வாசித்த ஒன்பது வருடமும், நீ இடது தோளைத் தூக்கினால்தானே எங்களுக்குப் பாட மூச்சே வரும்! ஒத்திகையில் நான் 'ஒன், டூ' சொல்லிக் கொடுத்தேன். பூசையில் சொல்ல முடியுமா?

பக்கத்தில் நின்று பாடும் ஜானட் என் காதில், "இன்னாண்ணே முழிச்சிகினு நிக்கிறே? நீ தூக்கு!" என்றாள். ஃப்ரெடி மறுபடி வாசித்தான். நான் முன்னால் போய் தோளைத் தூக்கினேன். கண்ணு, கோயிலே அதிர்ந்தது!

வெளியே வந்ததும் ஜானட், "அப்படியே உன் பொண்ணு தோளு மாதிரியே கீது" என்றாள். இரண்டு வருடமாக என் முன்னால் யாரும் உன் பேச்சை எடுத்ததில்லை. நான் முறைக்கவில்லை.

போன வாரம் காசிமேட்டில் நீ கட்டிக்கொண்ட ஜெகதீசன் மீன் ஏலம் கூவுவதைத் தள்ளி நின்று கேட்டேன். அவ்வளவு கனத்த குரலை வஞ்சிரத்துக்கா செலவழிப்பது? எங்கள் பேஸ் வரிசையில் என்னோடு இரண்டே பேர். சிலுவை போடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பாடினால் போதும்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒத்திகை. ஒரு நாள் தூக்கியதற்கே தோள் வலிக்கிறது. வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் நைனா